சாவிக்குழியில் சந்தனம்

அந்த வருடம் ஜஹனாராவைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தூரமா?"

கேட்டதில் தப்பில்லை. போன கோடை வரைக்கும் அவள் ஜாஃபர்கான்பேட்டையில் இருந்தாள். ஈக்காட்டுத்தாங்கலில் இருக்கிற பட்டறைக்கு நடந்தே வந்துவிடுவாள். வீட்டுக்காரர் பழைய கட்டிடத்தை இடித்து அடுக்குமாடி எழுப்பப் போவதாகச் சொன்னதும், அவளும் கணவன் உமர் ஃபாரூக்கும் வீடு தேடிக் கிளம்பினார்கள். ஆதம்பாக்கம், நங்கநல்லூர், மடிப்பாக்கம் என்று அலைந்தார்கள். போனில் "வீடு காலியா இருக்கு, வந்து பாருங்க" என்றவர்கள், பெயரைக் கேட்டதும் "அடடா, நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்" என்றார்கள். ஒரு அம்மாள் உட்காரவைத்து மோர் கொடுத்தாள். குடித்து முடித்த பிறகு சொன்னாள்: "எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. கீழ் வீட்டுக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க." கீழ் வீட்டில் விசாரித்திருந்தால் மேல் வீட்டைக் கைகாட்டியிருப்பார்கள்.

கடைசியில் வேளச்சேரியும் தாண்டி, பள்ளிக்கரணைப் பக்கம், மழை பெய்தால் முழங்கால் தண்ணீரில் மிதக்கிற ஒரு தெருவில் வீடு கிடைத்தது. பட்டறைக்கு வர இரண்டு பஸ் மாறவேண்டும். டீக்கடைக்காரர் கேட்டார், வாட்ச்மேன் கேட்டார், பக்கத்துப் பட்டறைப் பெண்கள் கேட்டார்கள்: "இப்ப தூரமா?" அவளும் யோசிக்காமல் பதில் சொல்லப் பழகிவிட்டாள். "ஆமா, தூரம்தான். இன்னா பண்றது."

பட்டறையில் கேஸ் அடுப்புக்கான பித்தளை ஜெட்டுகள், அதாவது கேஸ் பீறிட்டு வருகிற நுண்துளை மூக்குகள், செய்தார்கள். ஜஹனாரா அங்கே சேர்ந்தபோது அவளுக்குக் கிடைத்த இடம் பிசிறு மேஜை. லேத்தில் கடைந்து விழுகிற ஜெட்டுகளின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சின்னச் சுரண்டியால் வழித்து எடுக்கிற வேலை. பெண்களுக்கு அதுதான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததால் அழிக்கவும் முடியாது. வளைகுடாவுக்கு விசா வந்து மூன்றாவது லேத்துக்காரன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட, ஆர்டர் கழுத்தைப் பிடித்திருந்த நேரத்தில் அவள் அதன் முன்னால் போய் நின்றாள். மேஜையில் உட்கார்ந்தபடியே அவனுடைய கைகளை வருடக்கணக்கில் பார்த்திருக்கிறாள். அன்று முதல் மூன்றாவது லேத் அவளுடையது. அவளுக்கு முன்னால் முத்துலட்சுமி என்று ஒருத்தியும் கொஞ்சகாலம் லேத்தில் நின்றிருக்கிறாள். பிரசவத்துக்குப் போய்த் திரும்பியவளை, "கொஞ்ச நாளைக்கு" என்று மேஜையில் உட்காரவைத்தார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. அவள் வேலையை விட்டு நின்ற பிறகும் அவள் உட்கார்ந்த மூலை நாற்காலிக்கு முத்துலட்சுமி நாற்காலி என்றே பெயர்.

கடைய வேண்டிய கம்பியைப் பிடித்துச் சுழற்றுகிற லேத்தின் தலைக்குச் சக் என்று பெயர்; மூன்றாவது லேத்தில் இருந்தது காலெட் சக். காலெட் என்பது, முனையில் நீளவாக்கில் கீறல் விட்ட ஒரு எஃகுக் குழாய். அதைச் சக்குக்குள் பின்னோக்கி இழுத்தால் கீறல்கள் நெருங்கி, உள்ளே நீட்டியிருக்கும் பித்தளைக் கம்பியைக் கவ்விப் பிடிக்கும். இழுப்பதற்குச் சக்கின் பக்கவாட்டில் சாவி போடுகிற குழிகள் மூன்று உண்டு. ஏதாவது ஒன்றில் சாவியைப் போட்டுத் திருகினால், குழிக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரம் சுற்றும். அது உள்ளே இருக்கும் பெரிய பல்வளையத்தைச் சுற்றும். வளையம் காலெட்டை இழுக்கும். நல்ல சக்கில் சாவி வெண்ணெயில் திரும்புகிற மாதிரி திரும்பும்.

ஆயுத பூஜை அன்று இரும்புக்கு ஓய்வு என்பார்கள். அதைத் துடைக்கிற கைக்கு ஓய்வு இல்லை. காலையிலேயே வந்து எல்லோரும் அவரவர் இயந்திரத்தை டீசல் தொட்ட பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் கதிரேசன் குளித்துவிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு, சந்தனக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி வந்தார். உடன்குடிப் பக்கத்துக்காரர். லேத்தின் சத்தத்தை வைத்தே கட்டிங் டூல் மழுங்கிவிட்டதா என்று சொல்லக்கூடியவர். மேஜைப் பெண்களிடம் ஏதோ தணிந்த குரலில் விசாரித்துவிட்டு ஜஹனாராவிடம் வந்து, கூரையைப் பார்த்தபடி கேட்டார்:

"ஏம்மா, தூரமா?"

"ஆமாண்ணே, தூரம்தான்."

கதிரேசனின் கை கிண்ணத்தோடு நின்றது. "பொறவு மெஷின நீயா துடைச்ச?"

"நான் துடைக்காம? எம்மெஷின வேற யாரு வந்து துடைப்பா?"

 பூஜைக்கு நேரமாகிவிட்டது. சக்கின் மூன்று சாவிக்குழிகளையும் நெற்றியாக நினைத்தாரோ, தோஷத்துக்குப் பரிகாரமாக நினைத்தாரோ, மற்ற இயந்திரங்களுக்கு வைத்ததைப் போல் இரண்டு பங்கு சந்தனத்தைக் குழைத்து மூன்றிலும் வழிய வழிய அப்பினார். நடுவில் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார்கள். பொரி கொடுத்தார்கள். விளக்கை அணைத்து ஷட்டரை இறக்கிவிட்டு எல்லோரும் போனார்கள். அடுத்தடுத்து விடுமுறை, அதிலேயே மழையும் பிடித்துக்கொண்டது.

பட்டறை திறந்த அன்று ஜஹனாரா குழியிலிருந்த காய்ந்த சந்தனத்தை ஸ்குரூ டிரைவரால் சுரண்டி எறிந்துவிட்டு, சாவியைப் போட்டுத் திருகினாள். திரும்பவில்லை. உடம்பின் பாரத்தைக் கொடுத்தாள். 'கிறீச்' என்று கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. வேறு குழியில் போட்டாள். அதே கதை.

"பைப்ப மாட்டி இஸ்து பாருக்கா" என்றான் பக்கத்து லேத்து ஆனந்தகுமார். சாவியின் பிடியில் நீளமான பைப்பைச் சொருகி இழுத்தால் எதுவும் திரும்பும். பல்லும் சேர்ந்து திரும்பும்.

"உன் சக்குல இஸ்துக்கோ" என்றாள்.

கதிரேசன் வந்தார். சாவியைத் தாமே போட்டுப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கே கேட்டேம்லா உன்கிட்ட?"

"இன்னா கேட்டீங்க?"

"வேண்டாம் தாயி. பொம்பளப் புள்ளைட்ட பேசுத பேச்சு இல்ல." சொல்லிவிட்டு நேரே முதலாளியின் கண்ணாடி அறைக்குப் போனார். கதவு சாத்தப்பட்டது. ஜஹனாராவுக்குக் கைகளின் அசைவு மட்டும் தெரிந்தது. கதிரேசனின் ஒரு விரல் இரண்டு தடவை அவள் பக்கம் நீண்டது.

முதலாளி சுயம்புலிங்கம் அவளைக் கூப்பிட்டார். அண்ணன் தம்பிகள் தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்க, இவர் மட்டும் இயந்திரத்தின் மேல் ஆசைப்பட்டு இந்தப் பட்டறையைத் தொடங்கியவர். நாற்காலியைக் காட்டினார். அவள் நின்றாள்.

"சக்க வெளிய குடுத்து சரிபண்ணுவோம். வர்ற வரைக்கும் நீ மேசையில இரு. லேத்துக்கு வேற ஒரு ஆள கதிரேசன் பாத்துக்கிடுவான்."

"சக்கு வந்ததும் நான் லேத்துக்கு வந்துரலாமா சார்?"

சுயம்புலிங்கம் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "இங்க பாரு, நான் இந்தத் தீட்டு கீட்டெல்லாம் பாக்குத ஆளு இல்ல. எங்க அப்பா காலத்துலயே அத விட்டாச்சு. ஆனா பயலுவ பயப்படுதாங்க. மெஷின்ல கை வைக்கவன் பயந்துட்டே வச்சா அதுவும் ஆபத்துல்லா?"

மோர் கொடுத்த அம்மாளின் முகம் அவளுக்கு ஒரு கணம் வந்து போனது. ஒரு வழக்கத்தை நம்புகிறவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். நம்பாமலே அதை நடத்திக்கொடுக்கிறவர்கள் தோள் கொடுப்பதால்தான் அது விழாமல் நிற்கிறது.

ஆனால் 'தீட்டு' எங்கிருந்து வந்தது என்று ஜஹனாராவுக்குப் புரியவில்லை. புரியாததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று, புரிந்ததைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய எதுக்கு சார்? நானே தொறந்து பாக்கறேன். மத்தியானம் வரைக்கும் குடுங்க."

"சரியாகலன்னா?"

"ஆகலன்னா மேஜைல குந்திக்கறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

ஆணி கழற்றும் ஆலன் கீ எடுக்க அலமாரிப் பக்கம் போனவளை லாவண்யா மடக்கினாள். பிசிறு மேஜையில் இருக்கிற சின்னப் பெண், சைதாப்பேட்டை.

"இன்னாக்கா, அன்னைக்கு அந்தாளு கேட்டா, தூரம்னா சொல்லுவ? இல்லன்னு சொல்ட்டு போவியா!"

"தூரம்னா தூரம்னுதான் சொல்லணும். பள்ளிக்கரணை இன்னா பக்கத்துலயா கீது?"

லாவண்யா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அலமாரியில் சாய்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் காதருகே வந்து சொன்னாள். தூரம் என்றால் பஸ் தூரம் இல்லை, மாதவிலக்கு. விலகி இருக்கவேண்டியவள், அதனால் தூரம். ஊர்ப்பக்கத்து ஆட்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

ஜஹனாரா உருது பேசுகிற வீட்டில் பிறந்தவள். அவர்கள் வீட்டில் பெண்கள் 'இன்னைக்கு நமாஸ் இல்லை' என்பார்கள்; அதோடு புரிந்துவிடும். 'தூரம்' என்ற சொல்லுக்குள் இப்படி ஒரு அறை இருப்பது அவளுக்கு இத்தனை வருடம் தெரியாது. முந்தைய பூஜைகளில் கேட்டபோதெல்லாம், நடந்து வருகிறவள், 'இல்லண்ணே' என்றே சொல்லியிருக்கிறாள். கதிரேசன் கூரையைப் பார்த்தபடி கேட்டது நினைவுக்கு வந்ததும் அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அல்லா! இதுக்கா எம்மேல இவ்ளோ கோவம்?"

"போய் சொல்ட்டு வாக்கா. வீட்டு தூரத்ததான் சொன்னேன், எனக்கு அன்னைக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு. மேட்டர் முடிஞ்சுது."

உண்மைதான். ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். ஜஹனாரா கண்ணாடி அறையை நோக்கி நாலு எட்டு வைத்தாள். பின்னால் லாவண்யா "அக்கா" என்றாள். குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"அன்னைக்கு எனக்குதான் தூரம். அந்தாளு கேட்டப்போ இல்லன்னு சொல்ட்டேன். இருக்குதுன்னா வாசலுக்கு வெளிய நிக்க வெப்பாங்க, அத்தினி ஆம்பளைங்களுக்கும் தெரிஞ்சுடும். பூ மொத்தமும் நான்தான் வெச்சேன். உம்மெஷினுக்கும் சேத்து."

"அதுக்கு இன்னா இப்ப?"

"நீ இல்லன்னா, அப்ப யாருன்னு கேப்பாங்கல்ல?"

ஜஹனாரா நின்றாள். சொல்லலாம், லேத் திரும்பக் கிடைக்கும்; ஆனால் எப்படிக் கிடைக்கும்? 'நான் சுத்தமாக இருந்தேன்' என்று சொல்லித்தான் கிடைக்கும். அப்படிச் சொன்னால், சுத்தமில்லாத ஒருத்தி தொட்டால் சக் இறுகும் என்பதை அவளும் ஒப்புக்கொண்டதாக ஆகும். ஒப்புக்கொண்ட கையோடு இந்த மாதமும் அடுத்த மாதமும் அதே சக்கைப் பிடித்து ஓட்டவேண்டும். இத்தனை வருடமாக மாதந்தோறும் ஓட்டியிருக்கிறாள். கடைந்த ஜெட்டுகள் எத்தனையோ வீட்டில் எரிந்துகொண்டிருக்கின்றன.

"நீ போய் உன் வேலைய பாரு" என்றாள். அறைக்குப் போகவில்லை. ஆலன் கீயை எடுத்துக்கொண்டு லேத்துக்குத் திரும்பினாள்.

முதலில் சக்கைக் கழற்றவேண்டும். பாரம். ஆணிகளைத் தளர்த்தும்போது, கதிரேசன் எங்கிருந்தோ ஒரு பலகையைக் கொண்டுவந்து சக்குக்குக் கீழே சொருகினார். "மெஷின் பெட்டு மேல விழுந்துராம" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. கோபம் வேறு, லேத்தின் அடித்தளமான பெட்டில் பள்ளம் விழுவது வேறு. இருவருமாக இறக்கி மேஜைமேல் வைத்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு விலகி நின்றார்.

பின்தகட்டின் ஆணிகளைக் கழற்றி, நைலான் சுத்தியால் சுற்றிலும் மெல்லத் தட்டினாள். தகடு விட்டுக்கொடுத்தது. உள்ளே களி மாதிரி கிடந்தது. எப்போதோ யாரோ அள்ளிப் போட்ட கெட்டிக் கிரீஸ், கடைசல் தூளை நாள்பட நாள்பட விழுங்கிக் கறுத்து, வெளிச்சம் பட்ட இடத்தில் பொன்னாக மினுங்கியது. அதன்மேல், மூன்று குழிகளின் வழியாகவும் இறங்கிய சந்தனம் குங்குமத்தோடு சேர்ந்து பல்லிடுக்கில் செங்கல் துண்டாக இறுகியிருந்தது. சந்தனம் இல்லாவிட்டாலும் இந்தச் சக் இன்னும் சில மாதத்தில் மக்கர் செய்திருக்கும். கிரீஸ் தொடங்கிய குற்றத்தைச் சந்தனம் முடித்துவைத்தது, அவ்வளவுதான். எதுவுமே அவள் உடம்பிலிருந்து வந்ததில்லை.

ஒவ்வொன்றாக எடுத்தாள். சின்னப் பல்சக்கரங்களை எந்தக் குழியிலிருந்து எடுத்தாளோ அதே வரிசையில் துணிமேல் வைத்தாள். ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை, இடம் மாற்றினால் ஒத்துப்போகாது. டீசல் ட்ரேயில் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். டீசல் முதலில் கறுத்தது, பிறகு காவியாகி மணத்தது. கழுவியவற்றை ஏர் ஹோஸ் பிடித்து உலர்த்தினாள். கிரீஸை அள்ளி அப்பாமல், விரலில் தொட்டுத் தொட்டு மெல்லிசாகப் பூசினாள். வளையத்தை இறக்கி, பல்சக்கரங்களைச் சொருகி, தகட்டை மூடி ஆணிகளை எதிரெதிராக முடுக்கினாள்.

சாவியைப் போட்டாள். திரும்பியது. வழுக்கிக்கொண்டு திரும்பியது. பிறகு டக்கென்று நின்றது.

பட்டறையில் மற்ற லேத்துகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் அந்த நிற்றல் எல்லோருக்கும் கேட்டது போலிருந்தது.

"பாத்தியா?" என்றார் கதிரேசன். குரலில் வெற்றி இல்லை. ஒரு பயம் நிஜமாகிவிட்டதில் வருகிற நிம்மதி இருந்தது. "டீசல்ல போற அழுக்கா இது? சொன்னா கேக்க மாட்டேங்க." கண்ணாடி அறையில் சுயம்புலிங்கம் எழுந்து நின்று பார்த்தார். லாவண்யா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் அந்த மூலை நாற்காலி காலியாக இருந்தது.

ஜஹனாரா சாவியைப் பின்னோக்கித் திருகினாள். விட்டது. முன்னோக்கித் திருகினாள். நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்த, தாண்டிக் குதித்துச் சுகமாக ஓடி, மறுபடி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பச் செய்தாள். ஓடுகிற தூரம் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக இருந்தது. சாவி நின்ற நிலையில், நடுத்துளை வழியாகத் தெரிந்த பல்வளையத்தில் குழிக்கு நேராக ஒரு சாக்பீஸ் கோடு போட்டாள். கோடு சுற்றிவந்து ஒரு சாவிக்குழிக்கு நேராக வரும்போதெல்லாம் சாவி நின்றது. அடுத்த குழிக்கு நேராக வந்தபோதும் நின்றது.

"அண்ணே, இங்க வாங்க."

"எதுக்கு?"

"வாங்கண்ணே. நீங்களே திருகுங்க. நான் கோட்ட பாக்கறேன்."

கதிரேசன் தயங்கினார். வந்தார். திருகினார். அவருடைய விரல்கள் பழைய விரல்கள். அவருக்குச் சொல்லத் தேவையில்லை. முகத்தில் இருந்த பயம் மெல்ல நகர்ந்து, அந்த இடத்தில் வேலைக்காரனின் சுளிப்பு வந்தது.

"ஒரே பல்லுல நிக்கி" என்றார்.

"ஒரே பல்லுதான். தீட்டா இருந்தா எல்லா பல்லுலயும் நிக்கணும்ல? அதுக்கு பல்லு எண்ண தெரியுமா?"

அவர் சாவியைக் கீழே வைத்தார்.

மணி அடித்தது. எல்லோரும் சாப்பாட்டுக்குப் போனார்கள். அவள் மறுபடி தகட்டைத் திறந்து வளையத்தை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். சாக்பீஸ் கோட்டுக்குப் பக்கத்துப் பல்லின் அடியில் முடி மாதிரி ஒரு மினுக்கம். பித்தளைச் சிம்பு. ஏர் ஹோஸ் அதை வெளியே ஊதுவதற்குப் பதிலாக, பல்லின் வேருக்குள் அடித்து இறுக்கியிருந்தது. அவசரத்தில் அவள் செய்த வேலை. பிரஷுக்கு அது அசையவில்லை. முக்காட்டைப் பின்னால் இறுக்கிப் பிடித்திருந்த குண்டூசியை உருவி, நுனியால் நெம்பினாள். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை சிம்பு துள்ளி எங்கோ போய் விழுந்தது. இந்த முறை காற்றுப் பிடிக்காமல் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் மூடினாள்.

சாப்பிட்டு வந்தவர்கள் பார்க்கும்போது அவள் சாவியை இரண்டு விரலால் திருகிக்கொண்டிருந்தாள்.

சுயம்புலிங்கம் வெளியே வந்தார். தாமும் ஒருமுறை திருகிப் பார்த்தார். "சரி, மாட்டி ஓட்டு" என்றவர், போகிற போக்கில், "எதுக்கும் ஒரு எலுமிச்சம்பழத்த சுத்திப் போட்டுருங்க. பயலுவ பயப்படுதாங்கல்லா" என்றார்.

"நாங்க எப்ப சார் பயந்தோம்?" என்றான் ஆனந்தகுமார்.

சுயம்புலிங்கம் அவனைப் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்தார். யாரும் பயந்தவர்களாகத் தெரியவில்லை. செல்போனில் ஏதோ வந்ததுபோல எடுத்துப் பார்த்துக்கொண்டே அறைக்குள் போய்விட்டார். எலுமிச்சம்பழம் வாங்க யாரும் கிளம்பவில்லை.

சக்கை லேத்தில் ஏற்றி, கம்பியை நீட்டி, காலெட்டை இறுக்கினாள். கதிரேசன் இன்னும் பக்கத்திலேயே நின்றார். லேத்தைப் போடுவதற்குள், கூரையைப் பார்க்காமல் இந்த முறை சக்கைப் பார்த்துக் கேட்டார்:

"அப்ப அன்னைக்கு... நெசமாவே தூரமா?"

மேஜையில் லாவண்யாவின் சுரண்டி நின்றது.

பள்ளிக்கரணை அவள் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "ஆமாண்ணே, தூரம்தான்" என்றாள் ஜஹனாரா. "தொட்டுதான் துடைச்சேன். இப்பவும் தொட்டுதான் ஓட்றேன். வர்ற வருசம் சந்தனத்த லேத்து மூடி மேல வைங்க, வேணான்னு சொல்லல. குழில வெக்காதீங்க."

லேத்தைப் போட்டாள். பித்தளை சுருள் சுருளாக உரிந்து, முதல் ஜெட் தட்டில் விழுந்தது. கதிரேசன் அதை எடுத்தார். சூடாக இருந்திருக்கும், கைமாற்றிக்கொண்டார். பையிலிருந்து அளவு பார்க்கும் கேஜை எடுத்து ஜெட்டின் துளையில் விட்டுப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ரிஜெக்ட் ட்ரே வரை நடந்துபோய், அங்கே ஒரு கணம் நின்று, திரும்பிவந்து, அதை நல்ல ட்ரேயில் போட்டார்.

மேஜையில் லாவண்யாவின் சுரண்டி மறுபடி ஓடத் தொடங்கியது.